வெள்ளாற்று வழியைக் காத்த திருமயம் கோட்டை

புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றை அறியப் புகுவோர் முதலில் வெள்ளாற்றை அறிய வேண்டும். பாண்டிநாட்டின் வட எல்லை என்று மரபு சொல்லும் ஆறு இது. இதன் வடகரையைக் கோனாடு என்றும் தென்கரையைக் கானாடு என்றும் பழைய வழக்கு பிரிக்கிறது. சோழர், பாண்டியர், முத்தரையர், இருக்குவேளிர், பின்னாளில் சேதுபதிகள், தொண்டைமான்கள் என அத்தனை ஆட்சிகளும் இந்த ஆற்றை வைத்தே தம் எல்லையை அளந்தன.

ஆனால் வெள்ளாறு காவிரியைப் போன்றதன்று. மழைக்காலத்தில் பெருகும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். படையைத் தடுக்கும் அகழியாக அதை நம்ப முடியாது. ஆற்றைக் கடந்து வருபவனைத் தடுக்க, கரைக்குச் சற்றுப் பின்னே, பாறையும் நீரும் உள்ள இடம் வேண்டும். சேது யாத்திரை போகும் தென்திசை வழியில் அவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த குன்று, இன்று திருமயம் எனப்படும் திருமெய்யம். அங்கே கோட்டை எழுந்ததன் காரணத்தை இந்த நில அமைப்பிலேயே காண்கிறேன்.

கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் குன்று வரலாறு பேசத் தொடங்கிவிட்டது. தென்சரிவில் சத்தியகிரீசுவரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் அருகருகே குடைவரைகள் உள்ளன. பெருமாள் குடைவரையில் பாம்பணைமேல் பள்ளிகொண்ட திருமேனி, தமிழகக் குடைவரைச் சிற்பங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அக்குடைவரையைப் புதுக்கியவர் முத்தரையர் குலத்துப் பெரும்பிடுகு பெருந்தேவி என்று கல்வெட்டு கூறுகிறது. சிவன் குடைவரைப் பக்கம் 'பரிவாதினி' என்னும் இசைக் குறிப்பு குடுமியான்மலை இசைக் கல்வெட்டை நினைவூட்டுகிறது. இரு கோயிலாருக்கும் மூண்ட நெடுநாள் வழக்கை 1245இல் போசளத் தண்டநாயகர் அப்பண்ணர் தீர்த்து வைத்தார். வருவாய் பங்கிடப்பட்டது, இடையே மதில் எழுந்தது. கன்னட நாட்டு அதிகாரி ஒருவர் கானாட்டுக் குன்றில் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார் என்றால், அந்த வழி அன்றைக்கே எத்தனை அரசுகளின் கண்ணில் பட்டிருந்தது என்பது விளங்கும்.

இன்றைய கோட்டை 1687இல் இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் இரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டையில் ஆட்சியைத் தொடங்கியிருந்தார். அவருடைய தங்கை காதலி நாச்சியாரை மணந்தவர் கிழவன் சேதுபதி. மண உறவு இருந்தபோதும் சேதுபதியின் வட எல்லைக்குக் காவல் தேவைப்பட்டது.

கட்டுமானம் பாறையின் போக்கை ஒட்டியது. குன்றைச் சுற்றி வட்டமாக மதில்கள் அமைந்தன. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வர். உட்சுற்றுகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன; வெளிச்சுற்றுகள் பெரும்பாலும் ஊருக்குள் கரைந்துவிட்டன. உள்கோட்டைக்கு வெகு தொலைவில் நிற்கும் வாயில்களே பழைய பரப்பைக் காட்டுகின்றன. தெற்கு வாயிலில் அனுமனும் சக்தி கணபதியும் கருப்பரும் காவல். வடக்கே கோட்டைப் பைரவர். சரிவின் நடுவே பாறையில் குடைந்த சிறு அறையில் சிவலிங்கம் இருக்கிறது. பாறை மேல் மழைநீர் தேங்கும் சுனை உண்டு; உச்சிக் கொத்தளத்தில் இன்றும் பீரங்கி நிற்கிறது. முற்றுகையைத் தாங்கும் கோட்டைக்கு மதிலைவிட முக்கியம் நீர் என்பதைக் கட்டியவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இராமநாதபுர அரியணைப் பூசலை ஒட்டிக் கோட்டை தொண்டைமான் வசமாயிற்று. 1733இல் தஞ்சை மராட்டியப் படை சீமைக்குள் புகுந்து சூறையாடியபோது, விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்குப் புகலாக நின்றது திருமயமே. கட்டியவர்களின் கணிப்பு சரி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தென்கிழக்கே கீழாநிலைக்கோட்டைக்காகத் தஞ்சையும் தொண்டைமானும் மாறி மாறிப் போரிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இவை தனித்தனிக் கோட்டைகள் அல்ல, ஒரே எல்லைக் காவலின் கண்ணிகள் என்பது புலனாகும். மக்கள் வழக்கில் இது 'ஊமையன் கோட்டை'. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவை அப்பெயர் தாங்கி நிற்கிறது.

கல்வெட்டுகளைப் பொறுத்தவரை இம்மண்ணுக்குக் குறையில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளின் மூலபாடத்தை 1929லேயே நூலாக அச்சிட்டது. அகழாய்வில்தான் நாம் பின்தங்கியிருந்தோம். அக்குறையைப் பொற்பனைக்கோட்டை போக்கத் தொடங்கியிருக்கிறது. சங்ககால மண்மதிலும் அகழியும் கொண்ட அந்த இடத்தில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. செங்கல் கட்டுமானமும் தங்க அணியும் சூதுபவள மணியும் அங்கே வெளிப்பட்டன. புதர் மண்டிய மேடாகக் கிடந்த இடம் இன்று வரலாற்று நூல்களில் ஏறிவிட்டது.

அதே கவனம் திருமயத்துக்கும் வேண்டும். உள்கோட்டையை மத்தியத் தொல்லியல் துறை காக்கிறது. வீடுகளுக்கும் கொல்லைகளுக்கும் இடையே மறைந்துவரும் வெளிமதில்களையும், தூர்ந்துபோன அகழியையும் அளந்து வரைபடமாக்கும் பணி தள்ளிப்போடக் கூடாதது. வெள்ளாற்றுத் துறைகள், கீழாநிலை, அறந்தாங்கிக் கோட்டைகள் எல்லாவற்றையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து ஆராய வேண்டும். பல்கலைக்கழகங்களும் அரசும் உள்ளூர் ஆர்வலர்களும் கைகோத்தால் இது இயலாததன்று. மதில் கல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தளம் போடாதிருப்பதும், கண்ணில் படும் எழுத்துள்ள கல்லை உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் நம் ஒவ்வொருவரின் கடமை.