விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்

மனிதன் தான் செய்த நற்கிரியைகளால் அல்லாமல், தேவனுடைய கிருபையால், இயேசு கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தின் வழியாகவே நீதிமானாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இரட்சிப்படைகிறான் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. 16ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியத் திருச்சபை பிளவுபட்டதற்கு நடுநாயகமாக நின்ற கேள்வி இதுதான். லுத்தரன் சபையார் இதைச் சபை நிற்கவும் விழவும் காரணமான போதனை என்று மதிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் இரட்சிப்புக்குக் கிருபையே காரணம் என்று போதிக்கிறது. கிருபை பெற்ற மனிதனின் செயல்களுக்கு அதில் என்ன இடம் என்பதில்தான் வேறுபடுகிறது. நன்மை செய்யாமலே இருந்துவிடலாம் என்பதற்கான அனுமதியாக இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோர் எல்லாக் காலத்திலும் உண்டு. அது தவறான புரிதல். நற்கிரியை இரட்சிப்புக்கு முன் நிற்கும் காரணமா, பின் விளையும் கனியா என்பதே வழக்கு.

வேதாகமத்தில்

கோட்பாட்டின் ஊற்று அப்போஸ்தலர் பவுல் எழுதிய கலாத்தியர், ரோமர் நிருபங்கள். கிறிஸ்துவை ஏற்ற புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற சண்டை கலாத்திய சபைகளில் எழுந்தபோது, வேண்டாம் என்று கடுமையாகவே எழுதினார் பவுல். ரோமர் நிருபத்தில் அதே வாதத்தை நிதானமாக விரித்தார். அங்கே அவர் சாட்சிக்கு அழைப்பது ஆபிரகாமை. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தேவனுடைய வாக்கை நம்புகிறார். அந்த நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. விருத்தசேதனம் வருவதோ 17ஆம் அதிகாரத்தில். ஆகவே, அடையாளம் கிடைக்கும் முன்பே அவர் நீதிமான். வாதம் முழுவதும் இந்த முன்பின் வரிசையின்மேல்தான் நிற்கிறது.

யாக்கோபின் நிருபமும் அதே ஆபிரகாமைத்தான் காட்டுகிறது. ஆனால், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் தீர்ப்பு. இரண்டும் முரணா என்று நெடுங்காலமாகக் கேட்கப்படுகிறது. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனுக்கு நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் பக்தனை யாக்கோபு கண்டிக்கிறார். புறஜாதியாருக்குக் கதவடைப்பவரைப் பவுல் எதிர்க்கிறார். எதிராளிகள் வேறு என்பதைக் கவனித்தால் முரண் பெருமளவு தணிகிறது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு அது தணியவில்லை. 1522இல் வெளியான தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபைப் பின்வரிசைக்குத் தள்ளி, முன்னுரையில் அதைத் தாழ்த்தியும் எழுதினார். அவர் அளவுமீறிய இடங்களில் அது ஒன்று.

வேதாகமக் காலத்துக்குப் பின், மனிதன் தன் முயற்சியால் நல்வழியில் நிற்கக்கூடும் என்ற துறவி பெலாகியுவின் போதனையை, கிருபையே முந்துகிறது என்று மறுத்தவர் அகுஸ்தீன் (354–430). 418இல் கார்த்தேஜ் சங்கமும் 529இல் ஒராஞ்சு சங்கமும் கிருபையின் பக்கமே நின்றன. 16ஆம் நூற்றாண்டில் சண்டையிட்ட இரு தரப்பாரும் அகுஸ்தீனைத் தம்மவர் என்றே சொந்தம் கொண்டாடினர்.

லூத்தர்

மார்ட்டின் லூத்தர் 1505இல் எர்ஃபுர்ட்டில் அகுஸ்தீன் சபைத் துறவியானார். நோன்பும் இராவிழிப்பும் அவருக்கு அமைதி தரவில்லை. மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாலும், சொல்ல மறந்த பாவம் ஏதும் உண்டோ என்ற அச்சம் விடவில்லை. போதுமான அளவு செய்துவிட்டோம் என்று மனச்சாட்சி எப்போது சொல்லும்? அவரை வாட்டிய கேள்வி அதுதான். விட்டன்பர்கில் பேராசிரியராகி 1515–16இல் ரோமர் நிருபத்தை விளக்கினார். தேவநீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே எண்ணி அதை வெறுத்ததாகவும், அது தேவன் பாவிக்கு இலவசமாக அருளும் நீதி என்று கண்டபோது பரலோக வாசல் திறந்ததுபோல் இருந்ததாகவும் 1545இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், நினைவுகூர்ந்தார்.

பகிரங்கச் சண்டையைத் தொடங்கியது பாவமன்னிப்புச் சீட்டு. ரோமில் தூய பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்டுவதாகச் சொல்லி யோகான் டெட்சல் சீட்டு விற்றார். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வங்கியாரிடம் பட்ட கடனை அடைக்கவும் அந்த வசூலில் பங்கு போனது. செத்த தகப்பனின் ஆத்துமாவை உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மீட்கலாம் என்று நம்பி ஏழைகள் காசு கொடுத்தார்கள். 1517 அக்டோபர் 31இல் லூத்தர் இந்த விற்பனையைக் கண்டிக்கும் 95 கருத்துரைகளை ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார்.

1520இல் எழுதிய ‘கிறிஸ்தவனின் சுதந்திரம்’ என்னும் சிறுநூல் கோட்பாட்டின் மறுபாதியைச் சொல்கிறது. தேவனிடம் எதையும் சம்பாதிக்க வேண்டிய தேவை இல்லாதவன்தான் அயலானுக்கு மனப்பூர்வமாக உதவ முடியும்; அவனுடைய தருமத்தில் சுயலாபக் கணக்கு இராது. நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும், கனி மரத்தை நல்லதாக்குவதில்லை என்பது அவர் எடுத்தாண்ட சுவிசேஷ உவமை.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. பிச்சையிடுவது இடுபவனுக்குப் புண்ணியம் என்றிருந்தவரை பிச்சைக்காரன் ஊருக்குத் தேவைப்பட்டான். புண்ணியக் கணக்கு ஒழிந்ததும், அவனுக்கு என்ன தேவை என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. சாக்சனியின் லைஸ்னிக் ஊரார் 1523இல் லூத்தரின் முன்னுரையோடு ‘பொதுப் பெட்டி’ ஒழுங்குமுறையை வெளியிட்டார்கள். முன்பு பூசைகளுக்கென்று எழுதிவைத்த நிதிகள் அதில் சேர வேண்டும். முதியோர், அநாதைகள், நொடித்த கைவினைஞர், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து செலவாக வேண்டும். பெட்டிக்கு நான்கு பூட்டு. பிரபுக்கள், நகர்மன்றத்தார், நகரத்தார், கிராமத்து உழவர் என நான்கு தரப்பாரும் சேர்ந்தால்தான் திறக்கும். நற்கிரியையைக் கீழிறக்கியது என்று பழிக்கப்பட்ட போதனை, நற்கிரியையை ஊர்ப் பொறுப்பாக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லூத்தரின் உடன்பணியாளர் மெலாங்க்தன் தொகுத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) நான்காம் பிரிவில் நீதிமானாக்கப்படுதலையும், ஆறாம் பிரிவில் புதிய கீழ்ப்படிதலையும் வைத்தது. லூத்தருக்குப் பின் லுத்தரன் இறையியலாளர் ஜார்ஜ் மாயோர் நற்கிரியை இரட்சிப்புக்கு அவசியம் என்றார். ஆம்ஸ்டார்ஃப் அது இரட்சிப்புக்குக் கேடு என்றே பதிலுக்குச் சொன்னார். 1577ஆம் ஆண்டின் லுத்தரன் அறிக்கையான இசைவு வாக்கியம் இருவர் கூற்றையும் தள்ளியது.

திரெந்து சங்கமும் பிறரும்

1541இல் ரேகன்ஸ்பர்கில் கர்தினால் கொந்தாரினியும் மெலாங்க்தனும் பங்கேற்ற பேச்சில் இந்தப் பொருள்பற்றி ஓர் உடன்பாட்டு வாசகமே எழுதப்பட்டது. லூத்தரும் ஏற்கவில்லை, ரோமும் ஏற்கவில்லை. 1547 ஜனவரி 13இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் தன் ஆணையை வெளியிட்டது. கிருபையின்றித் தன் செயல்களாலேயே மனிதன் நீதிமானாகலாம் என்போரைத்தான் அதன் முதல் விதி சபிக்கிறது என்பதைப் புராட்டஸ்டண்ட் வாசகர்கள் பலர் கவனிப்பதில்லை. விசுவாசம் நீதிமானாவதன் தொடக்கமும் வேரும் என்று சங்கம் கூறியது. ஆனால், கிருபை மனிதனை உள்ளுக்குள் மாற்றி உண்மையிலேயே நீதிமானாக்குகிறது, அவன் அதோடு ஒத்துழைத்து வளர்கிறான், கிருபையில் செய்த செயல்களுக்குப் பலன் உண்டு என்றது. லுத்தரன் போதனைப்படியோ கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது. அவன் ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் ஆவான்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு இந்த வழக்காடுமன்ற மொழியில் பேசுவதில்லை; தேவ சுபாவத்தில் பங்குபெறுதலே அதற்கு இரட்சிப்பு. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24இல் லண்டனில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது திருப்பம் நேர்ந்தது.

1977இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ் பவுல் காலத்து யூத சமயத்தைப்பற்றி எழுதிய நூல், நெடுங்காலப் பிரசங்க வழக்கு ஒன்றை ஆட்டிவிட்டது. யூதர்கள் நற்செயல்களால் இரட்சிப்பை விலைக்கு வாங்க முயன்றவர்கள் அல்லர். உடன்படிக்கை தேவனுடைய தயவால் கிடைத்தது என்றே நம்பி, அதில் நிலைத்திருக்கக் கற்பனைகளைக் கைக்கொண்டார்கள் என்று அவர் காட்டினார். ஜேம்ஸ் டன், என். டி. ரைட் ஆகியோர் இதை வெவ்வேறு விதமாக வளர்த்தனர். பவுலை லூத்தரின் கண்ணால் மட்டுமே பார்க்க முடியாது என்பதில் இந்த ஆய்வு நியாயமானது. யூதர்களை இழித்துப் பேசாமலே கிருபையைப் பிரசங்கிக்கலாம் என்பதும் இதனால் தெளிவாகிறது.

தமிழகத்தில்

1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரிகள் சீகன்பால்க், புளூட்சோ ஆகியோருடன் இந்தப் போதனை லுத்தரன் வடிவில் தமிழுக்கு வந்தது. சீகன்பால்க் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். என் சொந்த புத்தியினாலும் பலத்தினாலும் விசுவாசிக்க என்னால் ஆகாது, பரிசுத்த ஆவியே என்னை அழைக்கிறார் என்ற கருத்தை விசுவாசப் பிரமாண விளக்கத்திலேயே அந்த நூல் வைக்கிறது: விசுவாசமும் மனிதன் சாதித்த ஒரு கிரியை ஆகிவிடக் கூடாது என்பதற்காக. தரங்கம்பாடி மிஷன் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது.

ஒப்புரவு

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல்பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் பக்கம் எந்தத் தகுதியும் இல்லாமல் கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், நற்கிரியைகள் அதைத் தொடர்ந்து வருகின்றன என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்லின. 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் இப்படி விளக்கப்படும் போதனையைத் தாக்கா என்றும் ஒப்பின. 2006இல் உலக மெதடிஸ்டுகளும், 2017இல் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டுறவும் இதில் இணைந்தார்கள். மிசூரி சினாடு போன்ற சில லுத்தரன் சபைகள் ஏற்கவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதனிடம் தங்கியிருக்கும் இச்சையைப் பாவம் என்றே சொல்வதா என்ற கேள்வியில் இரு மரபும் இன்னும் வெவ்வேறு விதமாகவே பேசுகின்றன.