புரை நீங்கினால் பார்வை வந்துவிடுமா?

கைக்குழந்தையிலேயே கண்புரை நீக்கிய பிள்ளை வகுப்பில் ஏன் இன்னும் தடுமாறுகிறது? வன்னியில் படிப்பிக்கும் நாங்கள் இதற்கு விடையைச் சரித்திரத்தில் தேடினோம்.

நினைவு தெரிந்த நாள்முதல் பார்வையில்லாத ஒரு பையனுக்கு 13 வயதில் புரை நீக்கியதை, லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் செசல்டன் 1728இல் எழுதினார். பூனை எது, நாய் எது என்று அவனுக்குப் பார்த்துப் பிடிபடவில்லை, தடவித்தான் அறிந்தான். 2005இல் டெல்லியில் தொடங்கிய பிரகாஷ் திட்டத்திலும், பிந்திப் பார்வை பெற்ற பிள்ளைகள் கண்ணால் அறியப் பழக வேண்டியிருந்தது. நுண்பார்வை முழுதாக வரவில்லை.

கண் வெளிச்சத்தை வாங்கும்; பார்க்கப் படிப்பது மூளை. அந்தப் படிப்பு பிறந்த முதல் மாதங்களிலேயே தொடங்குகிறது. ஆகவே சத்திரசிகிச்சை ஆரம்பம் மட்டுமே. கண்ணாடியும் கண் பயிற்சியும் வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

பெற்றோரே, இடையில் விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்லாமல் முன் வாங்கில் இருத்துங்கள்.