கீழைக் கடற்கரைப் பதிகளும் கல்லெழுத்துகளும்

தொண்டை நாடும் நடுநாடும் சோழநாடும் கடலைத் தொடுகின்ற கரையை ஒட்டி, சென்னையைச் சார்ந்த திருவான்மியூரிலிருந்து தெற்கே திருமறைக்காட்டை நோக்கி ஒரு நெடுவழி செல்கின்றது. முற்காலத்தில் மீனவர் ஊர்களையும் உப்பளங்களையும் இணைத்துக் கிடந்த சிறு வழிகள் 1990களில் விரிவாக்கப்பெற்றுக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்னும் பெயர் பெற்றன. ஒருபால் நீலத்திரையும் வெண்மணலும், மறுபால் கழியும் கானலும் பனந்தோப்புமாக விளங்கும் இவ்வழியே செல்வோர் பலரும் கடற்காற்றையும் காட்சியையும் விரும்பியே செல்கின்றனர். அஃது இயல்பே. எனினும், இச்சாலையிலும் இதன் கிளைவழிகளிலும் உள்ள சிற்றூர்கள் பல ஒரு காலத்தில் பட்டினங்களாக விளங்கியவை. அவற்றின் வாணிகம் மறைந்தது, ஆண்டோர் மாறினர், மாளிகைகள் மண்ணாயின. அவ்வூர்களின் பழம்பெயரையும் பெருமையையும் இன்றளவும் தாங்கி நிற்பவை பெரும்பாலும் திருக்கோயில்களும் அவற்றின் சுவர்களிற் பொறிக்கப்பெற்ற கல்லெழுத்துகளுமே. குடமுழுக்குக் காலத்தில் அன்பர்கள் சிந்திக்கத்தக்க செய்தி இதனுள் அடங்கியுள்ளது.

திருவான்மியூர், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியருளிய தலமாகும். அங்கே மருந்தீசரை வணங்கித் தெற்கே சென்றால், மாமல்லபுரத்திற்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம் என்னும் சிற்றூரை அடையலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையெங்கும் பெருந்துயர் விளைத்ததை யாவரும் அறிவர். அவ்வலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்றபோது, பாறையொன்றில் இருந்த எழுத்துகள் வெளிப்பட்டன. அவை திருவீழ்ச்சில் என்னும் ஊரிலிருந்த முருகப்பெருமான் கோயிலுக்கு அளிக்கப்பெற்ற அறங்களைக் கூறின. அவ்வெழுத்துகளையே வழிகாட்டியாகக் கொண்டு தொல்பொருள் ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தனர். வடக்கு நோக்கிய செங்கற் கருவறையும், அதன்மேற் பல்லவர் காலத்துக் கருங்கற்பணியும், கல்லாலான வேலும் வெளிப்பட்டன. எத்தனையோ தலைமுறையாக ஒருவரும் நினைந்திராத கோயில் அது. அஃது இருந்த இடத்தை மக்களுக்கு அறிவித்தவை, விளக்கெரிக்கவும் பூசைக்குமாக யாரோ சில அடியார் அளித்த கொடையைக் குறித்த சில வரிகளே.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவ்வாறே தன் வரலாற்றைத் தானே கூறுகின்றது. சிவபெருமானுக்குரிய இரண்டு கோயில்களும், அவற்றின் இடையே பள்ளிகொண்ட திருமாலின் கோயிலும் அங்கு ஒருங்கே அமைந்துள்ளன. இராசசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்துப் பணி அது. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, சத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராசசிம்ம பல்லவேசுவரம், பள்ளிகொண்டருளிய தேவர் என்று அம்மூன்று கோயில்களின் பெயர்களையும் காத்து வைத்துள்ளது. பல்லவர் ஆட்சி முடிந்து நூறாண்டு கடந்த பின்னரும், வென்று வந்த சோழர் பல்லவப் பெயரை மாற்றாது அப்படியே எழுதச் செய்தனர். பிறர் செய்த அறத்தின் பெயரைத் தம் பெயரால் மறைக்க விரும்பாத பெருந்தன்மையை அக்கல்லிலே காணலாம். 1984ஆம் ஆண்டு இவ்வூரின் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் உள்ளது. உப்பளங்களால் பெயர் பெற்ற இவ்வூரைச் சங்கநூல் கூறும் எயிற்பட்டினம் என ஆராய்ச்சியாளர் கருதுவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. மேலும் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில், உரோம நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகளும், மேனாட்டு மட்கலங்களும், மணி செய்த தொழிற்கூடத்தின் எச்சங்களும் கிடைத்தன. கடல் கடந்து வாணிகம் செய்த பெரும்பட்டினம் அது. ஆயினும், அங்கு வாழ்ந்தோர் தம் ஊரை எப்பெயரால் வழங்கினர் என்பதை மேனாட்டார் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. ஊரின் பெயரைக் கல்லில் எழுதிக் காத்த கோயிலொன்று அங்கு இல்லாமையே அதற்குக் காரணம்.

கடலூர்ப் பகுதியிலுள்ள திருப்பாதிரிப்புலியூர் சைவ உலகம் மறக்கவொண்ணாத பதியாகும். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற திருநாவுக்கரசர், திருவைந்தெழுத்தின் துணையால் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு கரைசேர்ந்த இடம் இதனருகே உள்ளது. கரையேறவிட்ட குப்பம் என்னும் பெயரால் ஊரார் அந்நிகழ்ச்சியை இன்றும் போற்றுகின்றனர். இவ்வூரில் ஞானியார் மடத்தின் தலைவராக விளங்கிய ஞானியார் அடிகள் (1873–1942) சைவத்தையும் தமிழையும் ஒருங்கே வளர்த்ததும், 1905ஆம் ஆண்டில் சைவ சித்தாந்த மகாசமாசம் தோன்றத் துணைநின்றதும் அன்பர்கள் அறிந்தவையே.

கொள்ளிடத்தைக் கடந்தால் சோழவளநாடு. பிரளய காலத்தில் இறைவன் தோணியில் எழுந்தருளினான் எனப் போற்றப்பெறும் சீர்காழியை வணங்கிக் கிழக்கே திரும்பினால் காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரை அடையலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் பாடிய நகரம் இது. கடல் இந்நகரைக் கொண்டதென மணிமேகலை உரைக்கின்றது. 1960களின் தொடக்கத்தில் கீழையூரில் நிகழ்ந்த அகழாய்வில், படகு கட்டுதற்குரிய மரத்தூண்களோடு கூடிய செங்கற் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. மரத்தை ஆராய்ந்து அதன் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவினது எனக் கணித்தனர். அரசர் வீதிகளும் வணிகர் மாடங்களும் இன்று கண்ணுக்குப் புலனாகவில்லை. ஆயினும், இயற்பகை நாயனாரும் திருவெண்காடரும் வாழ்ந்த அம்மண்ணில் திருச்சாய்க்காடும் திருப்பல்லவனீச்சரமும் வழிபாடு குன்றாது விளங்குகின்றன.

அருகிலுள்ள திருவெண்காட்டில் நிகழ்ந்ததொன்று திருப்பணிச் செல்வர்கள் மனங்கொள்ளத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூரில் மண்ணுக்குள்ளிருந்து சோழர்காலச் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. விடைமேற் சாய்ந்தருளும் கோலத்தில் அமைந்த ரிஷபவாகனர் அவற்றுள் ஒருவர். அவ்வடிவின் அழகைக் கண்டு வியவாதார் இலர். அத்திருமேனி தஞ்சைக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. அதன் காலத்தை எங்ஙனம் அறிவது? திருவெண்காட்டுக் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டே அதற்கு விடை அளித்தது. 1011ஆம் ஆண்டில் அத்திருமேனி எழுந்தருளுவிக்கப்பெற்றதை அறியவும், அதற்கு மறு ஆண்டில் உமையம்மை திருமேனி அமைக்கப்பெற்றதை உணரவும் அச்சுவரே சான்றாயிற்று. அச்சுவரை எவரேனும் செதுக்கித் தேய்த்திருப்பாராயின், ஆயிரம் ஆண்டு கடந்து அந்த அடியாரின் கொடை மீண்டும் ஒளி பெற்றிராது.

தெற்கே தரங்கம்பாடியில் நிலைமை வேறு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலைவாய்க் கரையிலேயே அமைந்தது. சடங்கன்பாடி என்னும் ஊரின் பழம்பெயர் அக்கோயிற் கல்வெட்டால் தெரியவந்தது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டென்மார்க்கு நாட்டார் இங்கே கோட்டை கட்டினர். 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நிறுவியதும் தமிழ்நூல் வரலாற்றில் குறிக்கத்தக்கது. 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இதற்கிடையே கடல் சிறிது சிறிதாகக் கரையை அரித்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. அலையிற் சரிந்த கற்களோடு எத்தனை அறச்செய்திகள் மறைந்தனவோ!

காரைக்கால், வாணிகத்தையும் பேரன்பையும் ஒருங்கே நினைவூட்டும் பட்டினம். கலமேறிக் கடல்வாணிகம் செய்த பரமதத்தனின் மனைவியாராகிய புனிதவதியார், இறைவனால் அம்மையே என அழைக்கப்பெற்ற பெருமை உடையவர். பிரெஞ்சுக்காரர் 1739 முதல் இவ்வூரை ஆண்டனர். 1954இல் அவ்வாட்சி முடிவுற்றது. ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவோ ஊர்மக்களின் பெருவிழாவாக நிலவுகின்றது.

நாகூர் தர்காவை அடுத்து வருவது நாகப்பட்டினம். சீவிசய நாட்டு மன்னன் எடுத்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, சிவபத்தனாகிய முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதனைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. சீவிசய மன்னன் சார்பில் நாகைக் காரோணத்து இறைவர்க்கு அணிகலன்கள் அளிக்கப்பெற்றதை அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. சைவ வேந்தன் பௌத்தப் பள்ளிக்கு ஈந்ததும், பௌத்த வேந்தன் சிவன் கோயிலுக்கு ஈந்ததும் ஆகிய இவ்வரிய செய்தியைச் செம்பும் கல்லும் காவாதிருப்பின் உலகம் அறிந்திராது. அவ்விகாரத்தைச் சார்ந்ததெனக் கருதப்பெற்ற பழங்கோபுரம் 1867ஆம் ஆண்டு இடித்து அகற்றப்பட்டது. கடல் அதனை அழிக்கவில்லை. மனிதர் கைகளே அழித்தன.

நாகையை நினைக்குந்தோறும் அதிபத்த நாயனாரை நினைத்தல் வேண்டும். நுளைப்பாடியில் பரதவர் குலத்திற் பிறந்த அப்பெரியார், வலையில் அகப்படும் மீன்களுள் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடுவார். நாள்தோறும் ஒரு மீனே கிடைத்து வறுமை மிகுந்த காலத்தும் அந்நெறி தவறவில்லை. ஒருநாள் பொன்னும் மணியுமாய் ஒளிவீசும் மீன் ஒன்றே கிடைத்தது. அதனையும் இறைவனுக்கே உரியதென விட்டார். 2004ஆம் ஆண்டுப் பேரலையில் நாகை மாவட்டத்தில் 6,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலோர் மீனவக் குடியினர். அத்துயரைத் தாங்கிய பின்னரும் அம்மக்கள் அதே கடலுக்குச் சென்றனர். தங்கள் குலத்துதித்த நாயனாரை மறவாது போற்றுகின்றனர்.

நெடுவழியின் தென்கோடியில் திருமறைக்காடு. மறைகள் அடைத்த திருக்கதவைத் திருநாவுக்கரசர் பாடித் திறப்பிக்க, திருஞானசம்பந்தர் பாடி அடைப்பித்த தலம் அது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இராசாசியும் தொண்டர்களும் உப்பு அள்ளியதும் அவ்வூர்க் கரையிலேதான். அதனை அடுத்த கோடிக்கரையில் இருந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004ஆம் ஆண்டுப் பேரலையில் அழிந்தது.

இங்ஙனம் கரைநெடுகக் காணுமிடத்து, கடலால் அழிந்தவை சில, காலத்தால் அழிந்தவை சில என்பது புலனாகும். அவற்றைத் தடுத்தல் மனிதர்க்கு அரிது. ஆனால், திருப்பணி செய்வோர் கையாலேயே அழிபவையும் உண்டு. அன்பின் மிகுதியால் பழைய சுவரின்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசுதல், மணலை வீசிக் கல்லைத் தேய்த்தல், எழுத்துடைய கல்லைப் பெயர்த்துப் படியாகவும் தளமாகவும் பதித்தல், பளிங்குப் பலகையால் மூடுதல் ஆகிய செயல்களால் மறைந்த கல்வெட்டுகள் எண்ணிலடங்கா. தம் பெயரைப் புதுப்பலகையில் பொறிக்க விரும்பும் செல்வர், அதே கோயிலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கு வைத்த ஏழை அடியாரின் பெயரை அறியாமலே அழித்து விடுதல் எத்துணை வருந்தத்தக்கது!

முன்னோர் இதற்கு நல்வழி காட்டியுள்ளனர். இக்கரையோரச் சாலை கடக்கும் கொள்ளிடத்தின் மேற்பகுதியில், அதன் வடகரையில் உள்ளது திருமழபாடி. அங்குள்ள கோயிலைப் புதுக்க எண்ணிய முதலாம் இராசராசன், தன் 28ஆம் ஆட்சியாண்டில், பழைய விமானத்தைப் பிரிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டிற் படியெடுக்கப் பணித்தான். பணி நிறைவெய்தியபின், அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் புதுச்சுவரிற் பொறிக்கப்பெற்றன. செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியார் காலத்திலும், திருக்கோடிகாவில் பழங்கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவரில் வெட்டப்பெற்றன. பேரரசர்க்கும் பேரரசியார்க்கும் கடமையாகத் தோன்றிய இது, இக்காலத் திருப்பணிக் குழுவினர்க்கும் கடமையன்றோ?

அரசாங்கக் கல்வெட்டுத் துறை 1886 முதல் ஊர்தோறும் சென்று மசிப்படி எடுத்து வருகின்றது. ஒரு கோயிலிற் பணி தொடங்குமுன், அக்கோயிற் கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றனவா என வினவி அறிதலும், எடுக்கப்பெறாதவற்றைக் கற்றோர் துணைகொண்டு எடுப்பித்தலும், எழுத்துள்ள கல்லில் உளி படாதவாறு ஒருவரைக் காவல் நிறுத்துதலும் பெரும்பொருட் செலவுடைய செயல்கள் அல்ல. குடமுழுக்கு என்பது கோயிலைப் புதியதாக்குவது. பழைய அறத்தை இல்லாததாக்குவது அன்று. கலசத்துப் புனிதநீர் விமானத்தின் உச்சியிலிருந்து வழிந்து சுவரை நனைக்கும்போது, அது புதிய அடியாரின் கொடையையும் பழைய அடியாரின் எழுத்தையும் ஒருங்கே நனைத்தல் வேண்டும். அவ்வாறு பேணும் ஊரில், கடல் வந்து நின்றாலும் காலம் வந்து நின்றாலும், திருவருளும் அறமும் நிலைபெறும் என்பது திண்ணம்.