இடம் மாறிய கோபுரங்கள்



சென்ற மாதம் எங்கள் பள்ளியின் கட்டடக் குழுக் கூட்டம் நடைபெற்றது. மண்டபம் கட்டுவதற்காக இரவு விருந்து நடத்தியும், வீடு வீடாகச் சென்றும் திரட்டிய பணம் வங்கியில் இருக்கிறது. நிலமும் இருக்கிறது, பழைய ஈயலம்பத்தை நிரப்பிய நிலம். "முதலில் மண் ஆய்வு செய்துவிடலாம்" என்று நான் சொன்னேன். பெற்றோர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நாம் என்ன இரட்டைக் கோபுரமா கட்டப்போகிறோம்? நான்கு சுவர், ஒரு கூரை. இதற்கு ஏன் ஆயிரக்கணக்கான வெள்ளியைத் துளை போடுவதற்குச் செலவழிக்க வேண்டும்? நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டுவோம்" என்றார். பலரும் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு அமர்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் கேலியாகச் சொன்ன அந்தக் கோபுரங்களையே எடுத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரில், ஜாலான் அம்பாங் சாலையோரத்தில் முன்பு சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள அந்த இடத்தில் ஒரு புதிய நகர மையத்தை உருவாக்க அரசு முடிவெடுத்தது. 1991ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி நடத்தினார்கள். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சீசர் பெல்லியின் வடிவமைப்பு தேர்வு பெற்றது. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்தால் எட்டு முனை விண்மீன் கிடைக்கும் அல்லவா? இசுலாமியக் கலையில் பெரிதும் வழங்கும் அவ்வடிவமே அடித்தளப் படமாயிற்று. அறைகளின் பரப்பைக் கூட்டுவதற்காக, முனைகளுக்கு இடையே அரைவட்ட வளைவுகளைச் சேர்த்தனர். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் இதை வரைந்து காட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போகும்.

வரைபடம் தேர்வாகிவிட்டது. பிரதமர் துன் டாக்டர் மகாதீர் முகம்மது இத்திட்டத்தில் நேரடி அக்கறை காட்டினார். பெட்ரோனாசு நிறுவனத்தின் பணவலிமையும் இருந்தது. அடிக்கல் நாட்ட இதைவிட நல்ல வேளை வேறு எது? ஆனால் அவர்கள் முதலில் செய்தது துளையிடுவதைத்தான்.

ஆய்வுத் துளைகள் சொன்ன செய்தி நல்லதாக இல்லை. கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. தைப்பூசத்துக்கு நாம் ஏறிச் செல்லும் பத்துமலையும் அதே பாறையால் ஆனதுதான். அங்கே மேலே எழுந்து மலையாக நிற்பது, நகருக்குள் மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மழைநீர் பல இலட்சம் ஆண்டுகளாக அரித்ததால் பத்துமலையில் குகைகள் உண்டானதுபோலவே, நிலத்தடிப் பாறையிலும் பொந்துகளும் பிளவுகளும் செங்குத்தான சரிவுகளும் உண்டாகியிருக்கின்றன. கோபுரங்களை எழுப்பக் குறித்திருந்த இடம் அப்படிப்பட்ட ஒரு சரிவின்மீதே அமைந்திருந்தது. ஒரு பக்கம் பாறை சிறிது ஆழத்திலேயே தட்டுப்பட்டது. மறுபக்கம் 100 மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதன் பொருளைப் பெற்றோர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடம் சிறிது அமிழ்வது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அமிழ்ந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒரு கால் கல்லிலும் மறு கால் சேற்றிலும் நின்றால்தான் ஆள் சாய்வார். கோபுரத்தின் ஒரு பக்கம் பாறையில் உறுதியாக நிற்க, மறுபக்கம் மண்ணோடு சேர்ந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர்கள் எடுத்த முடிவு துணிவானது. இரண்டு கோபுரங்களையும் அப்படியே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். பாறை எல்லாப் பக்கமும் ஆழத்தில் இருக்கின்ற, மண் தடிப்பாக இருக்கின்ற இடத்துக்கு நகர்த்தினார்கள். எல்லாம் தாளில்தான். அந்நிலையில் 60 மீட்டர் நகர்த்துவதற்குப் பென்சிலும் அழிப்பானும் போதும். (மாணவர்களின் கட்டுரைச் சட்டகத்தைப் பற்றியும் நான் இதையே சொல்லி வருகிறேன். அது வேறு கதை.)

அகழ்வுப் பணி 1993 மார்ச் மாதத்தில் தொடங்கியது. 20 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குத் தோண்டினார்கள். லோரிகள் இரவு முழுவதும் மண்ணை அள்ளிச் சென்றன. ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 ஆழ்தூண்கள் இறக்கப்பட்டன. அவற்றுள் சில 100 மீட்டரையும் தாண்டிச் சென்றன. இவை பாறையில் போய் ஊன்றி நிற்பவை அல்ல; சுற்றியுள்ள மண்ணின் உராய்வைப் பற்றிக்கொண்டு பாரம் தாங்குபவை. அடியிலிருந்த பாறைப் பொந்துகளில் சிமெண்டுக் கலவையைச் செலுத்தி அடைத்தார்கள். தூண்களின் தலைமீது சுமார் 4.5 மீட்டர் தடிப்பான கான்கிரீட் மெத்தை ஒன்று அமைந்தது. ஒரு கோபுரத்துக்கு ஏறத்தாழ 13,200 கன மீட்டர் கான்கிரீட். அதை இடைநிறுத்தாமல் 54 மணி நேரம் தொடர்ந்து ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் இணைப்புக்கோடு விழுந்துவிடும் என்பதால் இரவு பகல் பாராத உழைப்பு. அந்த உழைப்பாளிகளில் அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களும் பலர் இருந்தனர்.

மேல்தளப் பணி 1994 ஏப்ரலில் தொடங்கியது. 1996 மார்ச்சில் உச்சி ஊசிகள் நிறுவப்பட்டு 452 மீட்டர் உயரம் எட்டப்பட்டது. இந்த ஆண்டுக் கணக்கைத்தான் நான் கரும்பலகையில் எழுதிக் காட்ட விரும்புகிறேன். 88 மாடிகள் எழுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். முதல் மாடி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே, போட்டி நடந்த நாள்தொட்டு, இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் முழுவதும் ஒன்றுமே நடக்காததுபோலத்தான் தோன்றியிருக்கும்.

வேலையைப் பங்கிட்ட முறையும் கவனிக்கத்தக்கது. காலக்கெடு நெருக்கியதால் இரண்டு கோபுரங்களையும் ஒரே குத்தகையாளரிடம் கொடுக்கவில்லை. முதல் கோபுரம் சப்பானின் ஹசாமா தலைமையிலான கூட்டமைப்புக்கும், இரண்டாவது கொரியாவின் சாம்சுங் தலைமையிலான கூட்டமைப்புக்கும் வழங்கப்பட்டன. இரண்டிலும் மலேசிய நிறுவனங்கள் பங்கேற்றன. சற்றுத் தாமதமாகத் தொடங்கிய கொரியர்கள் உச்சியை முந்தி எட்டினார்கள். உள்நாட்டார் நன்கு அறிந்த பொருள், எஃகை இறக்குமதி செய்யும் செலவு குறையும் என்னும் காரணங்களால் வலிமை மிக்க கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தனர்.

தவறே நேரவில்லையா? நேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு முறை கலந்த கான்கிரீட் வலிமைச் சோதனையில் தேறவில்லை. வேலையை முழுவதும் நிறுத்திவிட்டு, கட்டி முடித்த தளங்களையெல்லாம் சோதித்தார்கள். ஒரே ஒரு தளத்தில்தான் குறை. அதை இடித்தார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் இலட்சக்கணக்கான டாலர் இழப்பு என்று தெரிந்தே இடித்தார்கள். பின்னர், ஒன்றில் பழுது நேர்ந்தாலும் மற்றவை ஈடுகொடுக்கும்படி கட்டுமான இடத்திலேயே மூன்று கலவை ஆலைகளை அமைத்தார்கள். இரண்டாம் கோபுரம் நேர்கோட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் விலகியதையும் அளவையர்கள் கண்டுபிடித்தார்கள். நம் கட்டைவிரல் அகலம்தான்! அதையும் விடாமல், அடுத்த 16 தளங்களை எதிர்ப்பக்கமாகச் சிறுகச் சிறுகச் சாய்த்துச் சரிசெய்தார்கள். 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலத்தை 1995ஆம் ஆண்டு கீழிருந்து தூக்கி ஏற்றியது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி. 1999 ஆகஸ்டு 31ஆம் நாள், தேசிய தினத்தன்று, கோபுரங்கள் அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டன. உலகிலேயே உயரமானவை என்னும் பெயர் 2004இல் தைப்பே 101 கட்டடத்துக்குப் போனது. இன்று நம் நாட்டிலேயே மெர்டேக்கா 118 அவற்றைவிட உயரம்.

இவ்வளவும் எழுதியதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பெற்றோர்கள் பணம் போட்டு ஈரடுக்கு இணைக்கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். நிரப்பிய நிலம். மண் ஆய்வு இல்லை. அடிக்கல் நாட்டு விழாவுக்கு மட்டும் பந்தல், மேளம், மாலை எல்லாம் இருந்தன. மூன்றாம் ஆண்டில் மூலை வகுப்பறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த வகுப்பு என்னுடையது. வெடிப்பின்மீது மாணவர்கள் வரைந்த ஓவியங்களை ஒட்டி மறைத்தவனும் நான்தான். பிறகு அதிகாரிகள் வந்து பார்த்துக் கட்டடத்தை மூடச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில், மழை பெய்தால் என் குரலே எனக்குக் கேட்காத தகரக் கூரையின் கீழ்ப் பாடம் நடத்தினேன். இரவுப் பணி பார்த்து நன்கொடை கொடுத்த ஒரு தாயார் பூட்டிய கட்டடத்தின் முன் நின்றுகொண்டு, "எப்போது திறப்பார்கள், ஐயா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, பள்ளி நூலகத்தில். மண் ஆய்வுக்கு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அன்று எழுந்து பேசிய அந்தப் பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்தேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.