குழந்தைகள் பகல்நேரக் காப்பகம்: உரிமமும் பாதுகாப்பு ஆய்வும் (அமெரிக்கா)

பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் பகல்நேரக் காப்பகம். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பேச்சு வழக்கில் இதை 'டேகேர்' என்பார்கள். ஒருவர் இத்தகைய காப்பகத்தை நடத்த மாநில அரசு தரும் அனுமதி உரிமம் எனப்படும். உரிமத்தின் நிபந்தனைகள் நாள்தோறும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று அலுவலர்கள் நேரில் வந்து பார்ப்பது ஆய்வு. உரிமம் குறைந்தபட்சப் பாதுகாப்புக்கான எல்லைக்கோடு மட்டுமே. அந்தக் கோட்டுக்குக் கீழே எந்தக் காப்பகமும் இறங்கிவிடாமல் காப்பதே ஆய்வின் வேலை. தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத வயதில் இருப்பவர்களைக் காப்பதற்கான ஏற்பாடு என்பதால், மற்றத் தொழில் உரிமங்களைவிட இதில் கண்டிப்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது.

வரலாறு

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வேலைக்குச் சென்ற ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக அறநிலையங்கள் பகல்நேர நர்சரிகளை நடத்தின. இரண்டாம் உலகப்போரின்போது ஆயுத ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்ததால், லேன்ஹாம் சட்டத்தின்கீழ் காப்பகங்களுக்குக் கூட்டாட்சி அரசு நிதி கொடுத்தது. போர் முடிந்ததும் அந்த நிதி நின்றுபோனது. 1971இல் நாடு தழுவிய குழந்தைப் பராமரிப்புச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் தம் மறுப்பாணையால் அதைத் தடுத்துவிட்டார். கூட்டாட்சித் துறைகள் சேர்ந்து 1968இல் வகுத்த காப்பக விதிகளும் முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டன. இதனால் உரிமம் வழங்கும் பொறுப்பு மாநிலங்களிடமே தங்கிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவதற்கு இந்த வரலாறே காரணம்.

இராணுவம் இதில் தனி வழியில் சென்றது. 1980களில் இராணுவத் தளக் காப்பகங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதன் பின்னணியில் 1989இல் இராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தளக் காப்பகத்திலும் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை முன்னறிவிப்பில்லாமல் ஆய்வு நடத்த வேண்டும் என்று அது விதித்தது. குறுகிய காலத்தில் ஒரு பெரிய அமைப்பையே சீர்படுத்த முடியும் என்பதற்கு இன்றும் இதுவே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

சட்ட அடிப்படை

குறைந்த வருமானக் குடும்பங்களின் காப்பகக் கட்டணத்துக்கு உதவுவதற்காக 1990இல் குழந்தைப் பராமரிப்பு, வளர்ச்சி நிதித்தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2014 நவம்பர் 19 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட திருத்தம் அச்சட்டத்தை ஒரு பாதுகாப்புச் சட்டமாகவும் ஆக்கியது. கூட்டாட்சி நிதி பெறும் மாநிலங்கள் அதன்படி செய்ய வேண்டியவற்றில் முக்கியமானவை:

உரிமம் கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்வும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பற்ற ஆய்வும் நடத்த வேண்டும். நிதியுதவி பெறும், உரிமம் தேவைப்படாத காப்பகங்களும், குழந்தைகளின் நெருங்கிய உறவினர் நடத்துபவை நீங்கலாக, ஆண்டாய்வுக்கு உட்பட வேண்டும். ஆய்வு முடிவுகளைப் பொதுமக்கள் எளிதில் படிக்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். பணியாளர்கள் அனைவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். ஆய்வாளர் எண்ணிக்கை காப்பகங்களின் எண்ணிக்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பணியாளர்கள் பயிற்சி பெற வேண்டிய பொருள்களையும் சட்டம் வரிசைப்படுத்துகிறது. தொற்றுநோய்த் தடுப்பும் தடுப்பூசியும், கைக்குழந்தைகளின் பாதுகாப்பான உறக்கம், பெற்றோர் சம்மதத்துடன் மருந்து கொடுத்தல், உணவு ஒவ்வாமை, கட்டடப் பாதுகாப்பு, குழந்தையைக் குலுக்குவதால் மூளையில் ஏற்படும் காயம், பேரிடர்த் தயார்நிலை, நச்சுப்பொருள்களைக் கையாளுதல், வாகனப் பயணம், முதலுதவியும் சிபிஆர் எனப்படும் இதய-நுரையீரல் உயிர்ப்பூட்டலும் அப்பட்டியலில் உள்ளன.

உரிமம் பெறும் முறை

காப்பகம் தொடங்க விரும்புபவர் முதலில் மாநில உரிமத் துறையின் அறிமுக வகுப்பில் கலந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த இடத்தில் காப்பகம் நடத்த உள்ளூர் நிலப்பயன்பாட்டு விதி இடம் கொடுக்க வேண்டும். தீயணைப்புத் துறை கட்டடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பொறுப்பாளரின் படிப்பும் அனுபவமும் ஆராயப்படும்.

எத்தனை குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பதைக் கட்டடத்தின் அளவும் வசதிகளும் முடிவு செய்கின்றன. கலிபோர்னியாவில் ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடியும் வெளி விளையாட்டிடத்தில் 75 சதுர அடியும் இருக்க வேண்டும். 15 குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு கைகழுவும் தொட்டியும் தேவை. இந்தக் கணக்கில் வரும் எண்ணிக்கை உரிமத்திலேயே அச்சாகிறது. அதற்கு மேல் ஒரு குழந்தையைச் சேர்த்தாலும் விதிமீறல்தான்.

பின்னணிச் சரிபார்ப்பு, ஒருவர் பணியில் சேருமுன் தொடங்குகிறது. கைரேகை எஃப்.பி.ஐ. பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. பாலியல் குற்றவாளிகள் பட்டியலும், கடந்த ஐந்தாண்டுகளில் அவர் வாழ்ந்த மாநிலங்களின் குற்றப் பதிவேடும் குழந்தை வதைப் பதிவேடும் தேடப்படுகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது இது மீண்டும் செய்யப்பட வேண்டும்.

பராமரிப்பாளர் விகிதம்

ஒரு பராமரிப்பாளரிடம் எத்தனை குழந்தைகள் என்பதே பாதுகாப்பின் அச்சாணி. தீப்பிடித்தால் கைக்குழந்தைகள் தாமாக வெளியே ஓடி வர மாட்டார்கள். ஒவ்வொருவரையும் யாராவது தூக்கிச் செல்ல வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சஸ் ஆகிய மூன்று மாநிலங்களிலும் கைக்குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளருக்கு நான்கு குழந்தைகள் என்ற விகிதமே உள்ளது. வயது ஏற ஏற மாநிலங்கள் பிரிந்து செல்கின்றன. மூன்று வயதுக் குழந்தைகள் நியூயார்க்கில் ஒருவருக்கு ஏழு பேர், டெக்சஸில் 15 பேர். நான்கு வயதில் நியூயார்க்கில் எட்டு, டெக்சஸில் 18. மூன்று வயதுக் குழந்தையின் தேவை எந்த மாநிலத்திலும் ஒன்றேதான். இந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பவை செலவும் அரசியலும்.

ஆய்வில் பார்க்கப்படுபவை

ஆய்வாளர் அறிவிக்காமல் வருகிறார். உள்ளே நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை தலை எண்ணுவது. அறை அறையாகக் குழந்தைகளையும் பெரியவர்களையும் எண்ணி, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றைக்கு மட்டும் ஆள் சேர்த்துக்கொள்ள முடியும். முன்னறிவிப்பற்ற ஆய்வின் பயன் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

உறங்கும் அறை: கைக்குழந்தைகள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மெத்தை உறுதியாக இருக்க வேண்டும். விரிப்பு மெத்தையோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலில் இருக்கக் கூடாது. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்தது. 1994இல் தேசிய விழிப்புணர்வு இயக்கம் தொடங்கியபின் கைக்குழந்தைகளின் திடீர் உறக்க மரணம் கணிசமாகக் குறைந்தது. பக்கச் சட்டம் இறங்கும் வகைத் தொட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அவை தடைசெய்யப்பட்டன. 2012 டிசம்பர் 28 முதல் காப்பகங்களில் புதிய தரத்துக்கு உட்பட்ட தொட்டில்கள் மட்டுமே இருக்கலாம்.

தீப்பாதுகாப்பு: புகை உணர்கருவிகள் வேலை செய்கின்றனவா, தீயணைப்பான்களின் காலக்கெடு முடியவில்லையா, வெளியேறும் வழிகளில் நாற்காலியோ பெட்டியோ அடைத்துக்கொண்டிருக்கிறதா, தீ ஒத்திகை நடந்த நாள்கள் பதிவாகியுள்ளனவா என்று பார்க்கப்படும்.

சமையலறையும் சுகாதாரமும்: டயபர் மாற்றும் மேசை ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கப்படுகிறதா, அந்த இடம் உணவு தயாரிக்கும் இடத்திலிருந்து விலகியிருக்கிறதா, பால்புட்டிகளில் பெயரும் தேதியும் உள்ளனவா, ஒவ்வாமையுள்ள குழந்தைகளின் பட்டியல் பணியாளர் கண்ணில் படும்படி இருக்கிறதா என்பவை கவனிக்கப்படும். குழந்தைகள் கைகழுவும் குழாயில் வெந்நீர் 120 பாரன்ஹீட் அளவுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட தரம்.

மருந்தும் வேதிப்பொருளும்: இரண்டும் பூட்டிய இடத்தில், குழந்தையின் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். 1978இல் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயச் சாயம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய கட்டடங்களில் உரிந்து விழும் பெயிண்ட் தனிக் கவனம் பெறுகிறது.

விளையாட்டிடம்: ஏணி, சறுக்குமரம் ஆகியவற்றின் கீழே மரச்சீவலோ ரப்பர் விரிப்போ இருக்க வேண்டும். புல்லும் வெறும் மண்ணும் விழும் குழந்தையைக் காக்கும் தரையாகக் கருதப்படுவதில்லை.

வாகனம்: ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணிய பதிவு வேண்டும். வெயிலில் நின்ற வண்டிக்குள் மறந்து விடப்பட்ட குழந்தைகள் இறந்த துயரங்களுக்குப் பின், ஓட்டுநர் கடைசி இருக்கைவரை நடந்து பார்த்தால் மட்டுமே நிற்கும் எச்சரிக்கை மணியை டெக்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் கட்டாயமாக்கின.

விதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே வருகையில் பார்ப்பது கடினம். மற்ற விதிகளையும் கடைப்பிடிப்பதை முன்கூட்டியே காட்டும் சில முக்கிய விதிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் 'முக்கியக் குறியீட்டு முறை'யை ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ஃபீன் பென்சில்வேனியாவில் உருவாக்கினார். நற்பதிவுள்ள காப்பகங்களுக்குச் சுருக்கமான ஆய்வு, சிக்கலான காப்பகங்களுக்குக் கூடுதல் வருகை என்று ஆய்வாளரின் நேரத்தைப் பங்கிட இது உதவுகிறது.

விதிமீறலும் நடவடிக்கையும்

மீறல்கள் அவற்றின் ஆபத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. கலிபோர்னியாவில் குழந்தைக்கு உடனடி ஆபத்து விளைவிப்பவை ஏ வகை, திருத்தாவிட்டால் ஆபத்தாகக்கூடியவை பி வகை. ஏ வகை மீறல் பற்றிய அறிக்கையைக் காப்பகம் 30 நாள்கள் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். டெக்சஸ் ஒவ்வொரு விதிக்கும் 'உயர்' தொடங்கிக் 'குறை' வரை ஐந்து நிலைகளில் எடை கொடுக்கிறது.

சிறிய குறைகளுக்குத் திருத்தத் திட்டமும் கெடுவும் தரப்படும். அடுத்த படிகள் அபராதம், குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், நிபந்தனை உரிமம், உரிமம் பறித்தல். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே மூடவும் அதிகாரம் உண்டு. உரிமதாரர் நிர்வாக நீதிபதி முன் மேல்முறையீடு செய்யலாம். பெற்றோரோ பணியாளரோ பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். புகாரின் பேரில் நடக்கும் விசாரணை ஆண்டாய்விலிருந்து வேறானது.

விலக்குகளும் வரம்புகளும்

எல்லாக் காப்பகங்களும் உரிம வளையத்துக்குள் வருவதில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. சில மாநிலங்களில் மத அமைப்புகள் நடத்தும் காப்பகங்களுக்கும் விலக்கு உண்டு. அலபாமாவில் இந்த விலக்கு நீண்டகாலம் விரிவாக இருந்தது. 2018இல் வந்த குழந்தைப் பராமரிப்புப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிதி பெறும் மதச்சார்புக் காப்பகங்களும் உரிமம் பெற வேண்டும் என்று அதைச் சுருக்கியது.

உரிமம் இருந்தும் உயிர்கள் போன நிகழ்வுகள் உண்டு. 2011 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக் காப்பகத்தில், அடுப்பு எரிந்துகொண்டிருக்க, நடத்தியவர் குழந்தைகளைத் தனியே விட்டுக் கடைக்குச் சென்றபோது தீப்பிடித்து நான்கு குழந்தைகள் இறந்தனர். 2019 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ஒரு வீட்டுக் காப்பகத் தீயில் ஐந்து குழந்தைகள் இறந்தனர். அந்த வீட்டில் இருந்த ஒரே புகை உணர்கருவி கூரைக்கடியிலுள்ள பரணில் இருந்ததாகத் தீயணைப்பு அதிகாரிகள் தெரிவித்தனர். 2023 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் காப்பகம் ஒன்றில் ஒரு வயதுக் குழந்தை ஃபென்டானில் போதைப்பொருளால் உயிரிழந்தது. முன்னறிவிப்பின்றி அங்கே ஆய்வு நடந்து சில நாள்களே ஆகியிருந்தன. அதில் மீறல் எதுவும் பதிவாகவில்லை. போதைப்பொருள் தரைக்கடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

இந்த நிகழ்வுகளிலிருந்து பெற வேண்டிய பாடங்கள் வேறு வேறு. ஈரி நகரத் துயரம், கையில் இருக்கும் உரிமத் தாளும் தலைக்கு மேலுள்ள கருவியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிறது. ஹூஸ்டன் நிகழ்வில் எந்த ஆய்வாளரும் அந்த வேளையில் அங்கே இருந்திருக்க முடியாது. அங்கே குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது பராமரிப்பாளரின் இருப்பு. பிராங்ஸ் நிகழ்வு, மறைக்க முனைந்தவரிடம் ஆய்வு தோற்கக்கூடும் என்பதைக் காட்டியது. ஆய்வு வீண் என்பதற்கு இவை சான்றாகா. ஆய்வு ஆண்டின் ஒரு நாளைத்தான் பார்க்கிறது. மீதி நாள்களைக் காப்பது பயிற்சியும் போதிய ஆளும் திறந்த கதவும்தான்.

தரமதிப்பீட்டோடு வேறுபாடு

குழந்தை அங்கே என்ன கற்கிறது, எவ்வளவு அன்போடு நடத்தப்படுகிறது என்பதை உரிமம் அளப்பதில்லை. அதற்காக நட்சத்திரத் தரமதிப்பீட்டு முறைகள் தனியே வந்தன. ஓக்லஹோமா 1998இல் இதை முதலில் தொடங்கியது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் இணைந்து 1992 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரநூல், உரிம விதிகளைவிடக் கடுமையான அளவுகோல்களைப் பரிந்துரைக்கிறது. தம் விதிகளைத் திருத்தும்போது மாநிலங்கள் இதைப் பார்ப்பது வழக்கம்.

பெற்றோர் அறிய வேண்டியவை

ஒவ்வொரு மாநிலமும் காப்பகங்களின் ஆய்வு அறிக்கைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. கூட்டாட்சி விதிப்படி குறைந்தது மூன்றாண்டு அறிக்கைகள் அங்கே இருக்க வேண்டும். அவற்றில் ஒரு மீறலைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே மீறல் திரும்பத் திரும்ப வருகிறதா, பராமரிப்பாளர் விகிதமும் மேற்பார்வையும் மீறப்பட்டுள்ளனவா, குறை உரிய கெடுவுக்குள் திருத்தப்பட்டதா என்பவற்றையே பார்க்க வேண்டும். சொல்லாமல் எந்நேரமும் வந்து குழந்தையைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதை மறுக்கும் காப்பகத்தில் குழந்தையை விடக் கூடாது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார்; பெற்றோர் தினம் இருமுறை அந்த வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்திறந்து பார்த்து, தயங்காமல் கேட்டு, தவறு கண்டால் புகார் செய்யும்போதுதான் உரிமமும் ஆய்வும் முழுப் பயன் தரும்.