செயல்முன் நடைமுறை (விளையாட்டு உளவியல்)

எப்போது தொடங்குவது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யும் செயலுக்குச் சற்று முன்பு, அவர் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் மேற்கொள்ளும் அசைவுகளும் எண்ணங்களும் சேர்ந்ததே செயல்முன் நடைமுறை. மைதானத்தில் இதை ‘ரொட்டீன்’ என்றே சொல்கிறார்கள். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ, டென்னிஸில் சர்வீஸ், கால்ஃபில் பட்டிங், ரக்பியில் கோல் உதை, கால்பந்தில் பெனால்டி, வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் ஆகியவை இத்தகைய ‘தன்வேகத் திறன்கள்’. கிரிக்கெட்டில் இந்தச் சலுகை பந்துவீச்சாளருக்கு உண்டு. பேட்ஸ்மேனுக்குப் பந்து வரும்போதுதான் வேலை.

கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரெட்டைப் போட்டாயிற்று, ஃபாலோ போட்டாக வேண்டும். காய் குழியின் வாயிலேயே நிற்கிறது. நூறு முறை போட்ட காய்தான். ஆடுபவர் பவுடரைத் தேய்த்துவிடுகிறார், ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து இம்மியளவு நகர்த்துகிறார், காயைப் பார்த்து, குழியைப் பார்த்து, மறுபடி காயைப் பார்க்கிறார். ‘விட்டுவிட்டால்?’ என்ற எண்ணம் நுழைவது அப்போதுதான். தன்வேகத் திறனின் தொல்லையே இது. யாரும் குறுக்கே வருவதில்லை, காயும் அசைவதில்லை. ஆனால் யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தை வேறொன்றால் நிரப்பும் ஏற்பாடுதான் நடைமுறை.

ஏற்பாடு பழையது. இங்கிலாந்தின் ரோஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட ‘டாக்ஸோஃபிலஸ்’ என்ற வில்வித்தை நூலில் அம்பெய்வதை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்: நிற்றல், அம்பை நாணில் பூட்டல், இழுத்தல், இழுத்த நிலையில் நிறுத்தல், விடுதல். ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் இவை எட்டு. எட்டாவது படி, அம்பு போன பிறகும் நிலை குலையாமல் நிற்பது. ஆஸ்கமின் ஐந்தும் உடலின் வேலைகள். மனம் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஆய்வுக்கு வர ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1925இல் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கிய கோல்மன் கிரிஃபித், அமெரிக்கக் கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்சைப் பேட்டி கண்டார். 1924இல் மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் 12 நிமிடங்களில் நான்கு டச்டவுன் போட்டு நாடெங்கும் பெயர் வாங்கியவர் கிரேஞ்ச். ஆனால் அவற்றை எப்படிப் போட்டார் என்று கேட்டால் விவரம் சொல்லத் தெரியவில்லை. தேர்ந்த கை தன் வேலையைத் தானே செய்கிறது, மூளை மேற்பார்வைக்கு நிற்பதில்லை என்ற கருத்துக்கு இது முதல் சாட்சிகளில் ஒன்று. கிரேஞ்சின் ஆட்டம் தன்வேகத் திறன் அல்ல என்பது வேறு விஷயம். சூழல் மாறிக்கொண்டே இருக்கும் ‘திறந்த’ திறன், மாறாத சூழலில் செய்யும் ‘மூடிய’ திறன் என்ற பாகுபாடு 1957இல் இ. சி. போல்டன் வகுத்தபின்தான் தெளிவாயிற்று.

மனக்காட்சியைச் செயல்முன் நடைமுறைக்குள் கொண்டுவந்தவர்களில் உளவியலாளர்களும் உண்டு, ஆட்டக்காரர்களும் உண்டு. 1972இல் ரிச்சர்ட் சூயின் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியுடன் இருந்து, உடலைத் தளர்த்திக்கொண்டு ஓட்டத்தை மனத்திலேயே ஓட்டிப் பார்க்கும் முறையைக் கற்பித்தார். கால்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் 1974இல் எழுதிய நூலில், பந்து எங்கே விழும், எப்படிப் பறக்கும் என்பதைத் திரைப்படம்போலப் பார்க்காமல் எந்த அடியும் அடிப்பதில்லை என்றார். நூலைப் படித்த எத்தனையோ பேர் அந்தப் படத்தைக் கடன் வாங்கினார்கள். அவருடைய ஸ்விங் யாருக்கும் வரவில்லை.

1980களில் கருவிகள் வந்தன. பிராட்லி ஹாட்ஃபீல்ட் குழுவினர் 1984இல் தேர்ந்த துப்பாக்கி வீரர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, விசையை அழுத்தும் நொடி நெருங்க நெருங்க இடது பக்கத்தில் ஆல்ஃபா அலை கூடியது. உள்ளே பேசிக்கொண்டே இருக்கும் பகுதி அடங்குகிறது என்று இதைப் பொருள் கொண்டார்கள். அதே காலத்தில் டெப்ரா குரூஸும் ஸ்டீபன் பூச்சரும் தொழில்முறைப் பெண் கால்ஃப் வீராங்கனைகளை நேரக் கணக்கோடு கவனித்தனர். சிறந்தவர்கள் கூடுதல் நேரம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு நேரம்.

இந்தத் துறைக்குச் சட்டகம் கொடுத்தவர் ராபர்ட் சிங்கர். 1988இல் அவர் விளக்கிய ‘ஐந்து படி உத்தி’ இது: ஆயத்தமாதல், செயலை மனத்தில் காணல், ஒரே ஒரு குறியில் கவனத்தைக் குவித்தல், யோசனையின்றிச் செய்து முடித்தல், பிறகு மதிப்பிடுதல். ஆஸ்கமும் ஐந்துதான் சொன்னார், சிங்கரும் ஐந்துதான். முன்னவரின் பட்டியலில் கைகால், பின்னவரின் பட்டியலில் பெரும்பாலும் மனம். 1993இல் சிங்கர், ரோனி லிடோர், ஜேம்ஸ் காராஃப் மூவரும் இதைப் பந்தெறியும் வேலையில் சோதித்தனர். தன் உடல் எப்படி அசைகிறது என்று கவனித்துக்கொண்டே எறியச் சொல்லப்பட்டவர்களைவிட, ஐந்து படியைப் பின்பற்றியவர்கள் நன்றாக எறிந்தார்கள். ‘முழங்கையைப் பார், மணிக்கட்டைப் பார்’ என்று எல்லைக் கோட்டிலிருந்து கத்தும் பயிற்சியாளர்கள் படிக்க வேண்டிய ஆய்வு.

கண்ணையும் அளந்தார்கள். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1996இல் ஃப்ரீ த்ரோவை ஆராய்ந்து, திறமையானவர்களின் பார்வை எறியத் தொடங்கும் முன்பே வளையத்தில் ஓரிடத்தில் நிலைத்து, அதிக நேரம் அசையாமல் இருப்பதைக் கண்டார். ‘அமைதிக் கண்’ என்ற பெயரில் இது இன்று வில்வித்தை முதல் கோல் உதை வரை பயிற்சியாகச் சொல்லித்தரப்படுகிறது.

சர்ச்சை வந்தது நேரத்தைப் பற்றி. ஒவ்வொரு முறையும் அதே நொடிக் கணக்கா? ராபின் ஜாக்சன் 1999 ரக்பி உலகக் கோப்பையின் கோல் உதைகளை அளந்தபோது, உதை கடினமாக இருந்தால் வீரர்கள் கூடுதல் நேரம் எடுப்பது தெரிந்தது. நேரம் மாறாமல் இருந்ததற்கும் வெற்றிக்கும் தொடர்பு தெரியவில்லை. முக்கியமானது வரிசையும் லயமும், கடிகாரம் அல்ல என்பதே இன்று ஏற்கத்தக்க முடிவு. ஆனால் அவசரம் வேறு. பெனால்டி ஷூட்-அவுட்களை ஆராய்ந்த நார்வேயின் கேயிர் யோர்டெட், விசில் கேட்ட மறுகணமே பாய்ந்து உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுவதைக் காட்டினார்.

நடைமுறையையும் சகுனத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. தீனி தற்செயலாக விழுந்த நேரத்தில் செய்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்த புறாக்களை பி. எஃப். ஸ்கின்னர் 1948இல் வருணித்தார். ராசியான சட்டையைத் துவைக்காமல் போட்டு வரும் ஆட்டக்காரர் அந்தப் புறாவுக்கு உறவு. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் இரண்டுக்கும் இடையிலான எல்லையில் நிற்கிறார். தண்ணீர் பாட்டில்களை ஒரே கோணத்தில் வைப்பது, சர்வீஸுக்கு முன் மூக்கையும் முடியையும் தொடுவது எல்லாம் பார்க்கச் சகுனம்போல் இருக்கும். தலைக்குள் வேண்டிய ஒழுங்கை வெளியே அமைத்துக்கொள்வதாக அவரே விளக்கியிருக்கிறார். ஆட்டத்துக்குத் தேவையானதில் கவனத்தை நிறுத்துகிறதா என்பதே பிரிக்கும் கோடு. உளவியலாளர் எய்டன் மோரன் செயல்முன் நடைமுறைக்கு 1996இல் தந்த வரையறையும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

இந்தியாவில் இந்த வகைத் தயாரிப்பின் பெயர் பெற்ற உதாரணம் அபினவ் பிந்த்ரா. மூளை அலைப் பயிற்சி வரை எல்லாவற்றையும் முயன்றவர். 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றின் கடைசிச் சுடலுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சம நிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினன் 9.7. தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம்.

செயலுக்கு முன் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரத்தை ஆட்ட விதிகள் இப்போது அளந்தே தருகின்றன. ஃப்ரீ த்ரோவுக்கு சர்வதேசக் கூடைப்பந்தில் 5 நொடி, அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 10 நொடி. கால்ஃபில் ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் வேண்டாம் என்ற பரிந்துரை. டென்னிஸில் சர்வீஸுக்கான 25 நொடிக் கடிகாரம் 2018 அமெரிக்க ஓப்பனின் பிரதான ஆட்டங்களில் வைக்கப்பட்டது.