அட்சதை கட்டங்களான கதை

திண்டிவனத்தில் அத்தை மகள் கல்யாணம். வீடியோக்காரர் மாமாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டு சிடில முடிச்சிடவா, மூணு போடவா?" ரெண்டே போதும் என்றார் மாமா.

சிடியைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அத்தையும் மாமாவும் சிடிகளோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்தார்கள். கெட்டிமேளம் வரை படம் பளிச். அட்சதை பறந்ததும் திரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். மாலை, மாப்பிள்ளை முகம் எல்லாம் கலர் சில்லுகளாயின. கீறல் என்று நினைத்து அத்தை சிடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டார். அப்புறம் பழி மாமாவின் கஞ்சத்தனத்தின் மேல் விழுந்தது.

அந்தக் கட்டம் பிறந்தது கணக்குத் தாளில். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அப்போது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். படத்தைச் சுருக்க ஒரு வழி தோன்றி, 1972-ல் ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். பெயர் 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'.

1993-ல் வந்த விசிடி, அதாவது நம் கல்யாண வீடியோ சிடி, அந்தக் கணக்கில்தான் ஓடியது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கண் கவனிக்காத நுணுக்கத்தைக் கழித்துவிடும். முந்தைய காட்சியிலிருந்து மாறாததைத் திரும்ப எழுதாது. இந்தச் சுருக்கல் இல்லாவிட்டால் ஒரு சிடியில் மூன்றரை நிமிடப் படம்தான் பிடிக்கும். நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்து முடிக்கவே அது போதாது.

ஆனால் படத்துக்கு நொடிக்குக் கிடைப்பது சுமார் 11.5 லட்சம் பிட், அவ்வளவுதான். மணமக்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை அது தாராளம். அட்சதை பறந்தால் ஒவ்வொரு மணியும் புதுச் செய்தி. படி அரிசிக்குப் பந்தி நிறைய ஆள் வந்த மாதிரி ஆகிவிடும். நுணுக்கமெல்லாம் போய், சதுரத்துக்கு ஒரு நிறம் மட்டும் மிஞ்சும். பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டில் டேப்பை மெதுவாக ஓட்டி நேரத்தைக் கூட்டினால் படம் முழுக்க ஒரே சீராக மங்கும். இப்படிக் கல்யாணத்தின் உச்சத்தில் கழுத்தறுக்காது.

சிடி எத்தனை ஆனாலும் நொடிக்கு அதே பிட்தான் என்பதால், மாமா மூணு சிடிக்குச் சம்மதித்திருந்தாலும் கட்டம் போயிருக்காது. சாப்பாட்டுப் பந்தி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும்.

நொடிக் கணக்கு என் கைக்கு வந்தது டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய கம்ப்யூட்டரில் டிவி டியூனர் கார்டு போட்ட பிறகு. நொடிக்கு 20 லட்சம் பிட் என்றால் மணிக்கு 900 எம்பி. 40 லட்சம் என்றால் 1.8 ஜிபி. ஹார்டு டிஸ்கோ 40 ஜிபிதான். கிரிக்கெட்டில் புல்லும் கூட்டமும் அசைந்துகொண்டே இருக்கும், அதற்கு 40 லட்சம். சீரியலுக்கு 20 போதும். அங்கே ஒரு முகம் திரும்பவே அரை நிமிடம் ஆகும்.

அந்த சிடி இன்னும் இருக்கிறது. அட்சதை விழும் இடத்தில் நிறுத்தி, ஓரத்து மஞ்சள் கட்டம் தன் பட்டுப்புடவைதான் என்கிறார் அத்தை. மாமா தன் கட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.